உடம்பைப் படிக்கவும் ஒரு படிப்பு உண்டு!

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு மச்சி" என்று நம் பேரவைச் செயலாளர் ஒரு வாரமாக என் பின்னாலேயே சுற்றினார். கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நம் மலரில் கவிதைக்குப் பஞ்சமே இல்லை. நிலாவும் ரோஜாவும் பக்கத்துக்குப் பக்கம் மணக்கும். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது வேறு விஷயம். அது நம் வகுப்பு டைம் டேபிளில் வியாழக்கிழமை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. "உடற்கல்வி" என்று அழகாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார்களே, அந்தக் கட்டம்தான்.

நண்பர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தப் பீரியடில் நாம் எத்தனை முறை மைதானத்துக்குப் போயிருக்கிறோம்? போன செமஸ்டரில் நான் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நான்கே நான்கு கோடுகள்! மற்ற வாரங்களில் "போர்ஷன் முடியலை, உட்காருங்க", "ரெக்கார்டு முடிக்காதவன் யாரும் வெளியே போகக்கூடாது", "இன்டர்னல் டெஸ்ட்" என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பீரியடு காலி என்று தெரிந்தால் முன்கூட்டியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியவர்கள் நாம்தான். அந்த ஓட்டத்தில் நானும் முதல் வரிசையில் இருந்தவன்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு எனக்கு எங்கிருந்து ஞானோதயம் வந்தது என்கிறீர்களா? மரத்தடியில் இருந்து அல்ல. என் அப்பாவின் முதுகில் இருந்து வந்தது.

மஞ்சள் மூட்டையும் மெக்கானிக்ஸும்

என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் நாலாவது செமஸ்டர் படிக்கும்போது ஒருநாள் காலையில் குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து திண்ணையில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். சுளுக்கு எடுப்பவர் வந்தார், தைலம் வந்தது, பட்டை போட்டார்கள், ஒரு கிளினிக்கில் வரிசையாக ஊசி போட்டார்கள். மூன்று மாதம் ஓடியது. கைக்காசும் ஓடியது. வலி மட்டும் நகரவில்லை. அம்மா இரண்டு வீடு கூடுதலாக வேலைக்குப் போனார். என் ஐந்தாவது செமஸ்டர் பீஸை மாமா கட்டினார்.

கடைசியில் யாரோ சொல்லி அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்தது ஓர் இளம்பெண். என் அக்கா வயதுதான் இருக்கும். ஊசி போடவில்லை, மாத்திரை எழுதவில்லை. முதல் கேள்வியே, "மூட்டையை எப்படித் தூக்குவீங்க? செஞ்சு காட்டுங்க" என்பதுதான். அங்கிருந்த தலையணையை மூட்டையாக நினைத்து, வலியோடு வலியாக அப்பா குனிந்து காட்டினார். அந்தப் பெண் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் போட்டார். ஒரு கோடு, நடுவில் ஒரு முக்கோணம், இரண்டு பக்கமும் அம்புக்குறி.

எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம மெக்கானிக்ஸ் பாடத்து நெம்புகோல்!

"நீ என்ன படிக்கிறே?" என்றார்.

"டிப்ளமோ மெக்கானிக்கலுங்க மேடம்."

"அப்ப உனக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. மொமெண்ட் எவ்வளவுன்னு நீயே கணக்குப் போட்டு அப்பாவுக்குச் சொல்லு."

போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து மூட்டையைக் கிளப்பும்போது அப்பாவின் பங்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையை நீட்டிக் குனிந்து தூக்கினால் பாரம் முதுகெலும்பிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைச் சமாளித்து இழுக்க வேண்டிய முதுகுத் தசையோ எலும்புக்கு ஏறக்குறைய 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 30-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 240. அதாவது 30 கிலோ மூட்டைக்கு முதுகுத் தசை 240 கிலோ பளுவுக்குச் சமமாக இழுக்க வேண்டும்! குனிந்த உடம்பின் எடையே இன்னும் கணக்கில் சேரவில்லை. அதே மூட்டையை மார்போடு அணைத்து 20 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் கணக்கு 120-ஆகப் பாதியாகிறது. காசு செலவில்லை, மருந்து செலவில்லை. தூரம் மட்டும்தான் மாறியது.

இந்தக் கணக்கை முதல் வருஷத்திலேயே நான் பரீட்சைக்குப் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கேள்வித்தாளில் இருந்த உத்திரத்துக்குப் போடத் தெரிந்தது. வீட்டில் இருந்த அப்பாவின் முதுகுக்குப் போடத் தெரியவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போய்வந்தோம். வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி, எப்படி எழுவது, எப்படி உட்காருவது என்று எல்லாமே பாடம்தான். அப்பா எழுந்து நடமாடினார். மூட்டை தூக்குவது இனி இல்லை. அதே மண்டியில் சாக்கு தைக்கிறார், எடை பார்க்கிறார். கூலி குறைவு, ஆனால் நிமிர்ந்து நடக்கிறார். கடைசி நாள் பஸ்ஸில் வரும்போது அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தப் புள்ள டாக்டரும் இல்லைங்குது, நர்ஸும் இல்லைங்குது. இதுக்குன்னு தனியா ஒரு படிப்பு இருக்குதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ஆரம்பித்துக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்களுக்கும் பயன்படட்டும்.

ஒரு துறை, நாலு வாசல்

மனித உடம்பு எப்படி அசைகிறது, ஏன் அசைகிறது, தவறாக அசைந்தால் என்ன ஆகிறது என்று படிப்பதற்கு மேல்நாட்டில் கினிசியாலஜி என்று பெயர். கிரேக்க மொழியில் அசைவு என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1967-லேயே இதற்கென்று தனித்துறை தொடங்கிவிட்டது. அந்நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2013 முதல் இதைப் படித்தவர்கள் மருத்துவப் பணியாளர்களைப் போல முறையாகப் பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்துகிறார்கள்.

இதன் கூடப் பிறந்தது நலவாழ்வு மேம்பாடு. நோய் வந்தபின் ஓடுவதை விட்டு, வராமல் இருக்க மக்களே தங்கள் உடல்நலத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ள வழிசெய்வது. 1986-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு இதற்கு ஒரு சாசனமே எழுதியது. தனி மனிதனுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது, அவன் வாழும் இடமும் வேலை செய்யும் இடமும் அரசின் கொள்கையும் மாற வேண்டும் என்பது அந்தச் சாசனத்தின் சாரம். சரியாகத்தானே சொன்னார்கள்? "குனியாதே" என்று என் அப்பாவிடம் சொல்லி என்ன பயன், மூட்டை தரையில்தானே கிடக்கிறது!

பல மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவை இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நம் நாட்டில் இந்தக் குடும்பம் பாகம் பிரிந்து நாலு வீட்டில் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் மற்ற வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால்தான் பத்தாவதும் பிளஸ் டூவும் முடிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரிவதில்லை.

முதல் வாசல்: மைதானம்

"டிரில் மாஸ்டர்" என்று நாம் கிண்டலாகச் சொல்கிறோமே, அந்தப் படிப்புக்கு நம் மண்ணில் நூறு வயது தாண்டிவிட்டது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கும் அவர் பொறுப்பாளராக இருந்தார். 1957-இல் குவாலியரில் லட்சுமிபாய் பெயரில் தேசியக் கல்லூரி வந்தது. 1961-இல் பட்டியாலாவில் பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 2004-இல் சட்டம் இயற்றி, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் உடற்கல்விக் கல்லூரி உண்டு.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் முடித்து விளையாட்டில் தகுதியும் உள்ளவர்கள் இரண்டாண்டு பி.பி.எட். படிக்கலாம். அதற்கு மேல் எம்.பி.எட்., ஆராய்ச்சி எல்லாம் உண்டு. உடற்பயிற்சியின்போது இதயமும் தசையும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும், உடல் இயக்கத்தின் இயந்திரவியலையும் தனிப்பாடமாகவே படிக்கிறார்கள். பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியர், இயக்குநர் வேலை, பயிற்சியாளர் வேலை, 1992-இல் தொடங்கிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பணிகள் என்று வழிகள் இருக்கின்றன. நிரந்தர அரசுப் பணியிடம் எண்ணிக்கையில் குறைவு, காத்திருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தெருவுக்குத் தெரு ஜிம் திறக்கும் இந்தக் காலத்தில், முறையாகப் படித்தவன் இல்லாத இடத்தில் யார் நிற்கிறார்கள் பாருங்கள்! மூன்று மாதம் தண்டால் எடுத்தவன் மாஸ்டராகி, பவுடர் டப்பாவும் விற்கிறான். நம் பையன்களும் வாங்கித் தின்கிறார்கள்.

இரண்டாவது வாசல்: மருத்துவமனை

அப்பா கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் இங்கேதான் இருக்கிறது. பி.பி.டி. என்னும் பிசியோதெரபிப் பட்டம். நம் மாநிலத்தில் இதை நடத்தும் கல்லூரிகள் பல டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சி என்பதுதான் இதுவரை இருந்த முறை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி இந்தத் துறைகளுக்கென்று தேசிய ஆணையம் வந்து, பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிவருகின்றன. ஆகவே சேரும் ஆண்டின் விதி என்ன என்பதை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். பத்தாவது முடித்து நேரே பாலிடெக்னிக் வந்த நமக்கு இந்த வாசல் சாத்தியில்லை. ஆனால் வீட்டில் தம்பி, தங்கை இருக்கிறார்களே! குரூப் எடுக்கும் நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வேலை? தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு என்பது உண்மை. ஆனால் தேவை பெருகிக்கொண்டே போகிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியும் நோயாளியின் வீட்டு வாசலுக்கே போகிறது. பக்கவாதம் வந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர்களுக்கு "இனி அவ்வளவுதான்" என்று இருந்த ஊர்களில், இப்போது கையைப் பிடித்து நடக்கவைக்க ஒருவர் வருகிறார் என்றால் அது சின்ன விஷயமா?

மூன்றாவது வாசல்: நம்ம ஒர்க்‌ஷாப்!

நண்பர்களே, இது நமக்கான வாசல். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நமக்குச் சொன்ன முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? "வைஸோட தாடை உன் முழங்கை உயரத்துக்கு இருக்கணும்." ஏன்? உயரம் குறைந்தால் முதுகு வளையும், கூடினால் தோள் நோகும். அரம் பிடிக்கும் முன்பே உடம்பைத்தான் முதலில் அளந்தோம். அன்றைக்கு நாம் படித்தது கினிசியாலஜியேதான். பெயர் மட்டும்தான் தெரியாது.

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைப் பார்த்து, நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைத்தார். ஒரு கப்பியில் ஓடும் பெல்ட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறோமே, அதே தத்துவம்! உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதுதான் புண்ணுக்குக் காரணம் என்று கண்டு, அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற ரப்பர் செருப்புகளை வேலூரில் வடிவமைத்தார்கள். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது. எட்டாம் வகுப்புப் பாடம்! இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பும் அதே வழியில் வந்ததுதான்.

இன்னொருவர் ராம் சந்திர சர்மா. அதிகம் பள்ளிப்படிப்பு இல்லாத கைவினைஞர். டாக்டர் சேத்தியோடு சேர்ந்து, டயருக்குப் பயன்படும் ரப்பரை வைத்து, சம்மணம் போட்டு உட்காரவும் சேற்றில் நடக்கவும் முடிகிற செயற்கைக் காலை 1960-களின் இறுதியில் உருவாக்கினார். அதுதான் "ஜெய்ப்பூர் கால்". டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தக் காலுக்கு முதலில் அச்சு எடுத்தது ஒரு தொழிலாளியின் கை என்பதை ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாம் மறக்கக்கூடாது. நம் காலத்திலேயே, 2019-இல் சென்னை ஐ.ஐ.டி., உட்கார்ந்தவரை எழுந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலியை வெளியிட்டது. அதன் மூட்டும் நெம்புகோலும் நம் தியரி ஆஃப் மெஷின்ஸ் பாடம்தான்.

நமக்கு உள்ள வழிகள் இவை. லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும்போது எல்லோரும் ஒரே வரிசையில் நிற்காமல், பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கையும் பாருங்கள். எந்தப் பிரிவில் இருந்து எதற்குப் போகலாம் என்பதை அந்த ஆண்டின் தகவல் கையேடு சொல்லும். அடுத்தது தொழிற்பாதுகாப்பு. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. டிப்ளமோவோடு சில ஆண்டு தொழிற்சாலை அனுபவமும் பெற்றவர்கள் அங்கே தொழிற்பாதுகாப்பு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சேஃப்டி ஆபீசர் என்றால் ஹெல்மெட் போடச் சொல்பவர் மட்டும் அல்ல. மேஜை எந்த உயரம், பாரம் எவ்வளவு எடை, எத்தனை முறை குனிய வேண்டும் என்று வேலையை மனிதனுக்கு ஏற்றபடி மாற்றுகிறவர். ஓர் ஆணுக்கு அதிகபட்சம் 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்துவிட்டது. என் அப்பா இருபத்திரண்டு வருஷம் மண்டியில் நின்றார். அந்த எண்ணை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

நான்காவது வாசல்: ஊர்

நோய் வராமல் தடுக்கும் வேலை. மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. இதில் நாம் முன்னோடி. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. பிற பல்கலைக்கழகங்களிலும் இது வந்துவிட்டது. பட்டம் முடித்தபின் யோசிக்க வேண்டிய வாசல் இது.

தேவை இருக்கிறதா என்கிறீர்களா? சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது சொல்கிறது. பத்துக் கோடி! இத்தனை பேருக்கு மாத்திரை கொடுக்கலாம். ஆனால் நடக்கவைப்பது யார்? 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதையை அடையாளம் காட்டி "நடப்போம் நலம் பெறுவோம்" என்றது. பாதை வந்தது நல்லதுதான். பாதைக்கு ஆளைக் கூட்டிவருவது ஒரு தனித் தொழில். அதற்குப் படித்த ஆள் வேண்டும்.

"கை கால் அமுக்கற வேலையா?"

இத்தனையும் தெரிந்துகொண்டு நான் வீட்டில் வாயைத் திறந்தேன். என் தங்கை பிளஸ் ஒன், உயிரியல் குரூப். அப்பாவோடு மருத்துவமனைக்கு வந்து வந்து அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. "நான் பி.பி.டி. படிக்கறேன்" என்றாள். மறுநாளே சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "பொட்டப்புள்ள, கண்டவங்க கை காலை அமுக்கற வேலைக்கா போகும்?" என்றார் பெரியப்பா. "நர்சிங் போனாலும் வெளிநாடு போலாம்" என்றார் இன்னொருவர். பீஸ் கட்டிய மாமா, "கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்றார்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் அப்பா பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "அமுக்கறதில்லீங்க. அந்தப் புள்ள என்னைத் தொட்டதே கம்மி. கணக்குப் போட்டுத்தான் என்னை எந்திரிக்க வெச்சுது" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. முடிவும் இன்னும் ஆகவில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்கவைக்கலாம், தனியார் என்றால் கடன்தான். அடுத்த வருஷ மார்க்கில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் படிப்பே இல்லை என்று இருந்த வீட்டில், இப்போது படிப்பு இருக்கிறது, பணம்தான் கேள்வி என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

நான் கேட்பது மூன்றே மூன்று

ஒன்று: வியாழக்கிழமைப் பீரியடை எங்களிடம் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. டைம் டேபிள் தருவது அதில் ஒரு மணி நேரம்தான். அதிலும் கை வைத்தால் எப்படி? மாணவர்களும் பஸ் பிடிக்க ஓடுவதை மைதானத்தில் ஓடட்டும்.

இரண்டு: முதலாண்டு மாணவர்களுக்கு நம் உடற்கல்வி இயக்குநர் ஒரே ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் நின்று பாடம் எடுக்கட்டும். எப்படித் தூக்குவது, எப்படி நிற்பது, லேத் முன்னால் எட்டு மணி நேரம் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று. மெக்கானிக்ஸ் ஆசிரியரும் கூட நிற்கட்டும். பாதிக் கணக்கு அங்கேயே முடியும்.

மூன்று: மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டம் நடக்கும்போது பி.இ., ஏ.எம்.ஐ.இ. என்று இரண்டோடு நிறுத்தாமல், இந்த நாலு வாசலையும் ஒரு சார்ட்டில் எழுதி நோட்டீஸ் போர்டில் மாட்டுங்கள். எழுதிக்கொடுக்க நான் தயார்.

கேட்பதோடு நிறுத்தவில்லை. எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட், மண்டிக்கு ஒரு மூட்டை மேடை. ஆங்கிள் இரும்பு, நாலு சக்கரம், ஒரு ஜாக்கி. மூட்டை தரையில் இல்லாமல் இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். "இதுல என்னப்பா புதுமை இருக்கு?" என்று கைடு கேட்டார். "புதுமை இல்லீங்க சார், தேவை இருக்குது" என்றோம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் மாடலில் சக்கரம் கல்லில் சிக்கியது. மண்டித் தரை மேடு பள்ளம் என்று அளந்த எங்களுக்குத் தோன்றவில்லை. பார்க்க வந்த அப்பாதான் சொன்னார். பெரிய சக்கரமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் கூட்டாளிகள் இன்னும் எட்டுப் பேர் அங்கே தரையில் இருந்துதான் மூட்டை தூக்குகிறார்கள். அவர்கள் முதுகு மடங்குவதற்கு முன் முடித்தாக வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சித்திரம் எழுதக் கல்லூரி தேடி ஓடுகிறோம். சுவரைக் காப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கும் ஒரு பட்டம் இருக்கிறது, அதிலும் ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது குரூப் எடுக்கும் வயதில் இருந்தால் இன்று ராத்திரியே சொல்லுங்கள்.

மற்றவை நேரில். வியாழக்கிழமை கடைசிப் பீரியடு, மைதானத்தில் சந்திப்போம். ரெக்கார்டு நோட்டை முதல் நாளே முடித்துவிட்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்